தாடை மூட்டு நோவும் தணிக்கும் நெறியும்

எழுத்துகள் பிறக்குமாற்றைக் கூறப் புகுந்த தொல்காப்பியர், பிறப்பியலில் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களை எண்ணிக் காட்டினார். இவ்வெட்டனுள் தாடை இடம்பெறவில்லை. ஆயினும் அகரமும் ஆகாரமும் அங்காத்தலால் பிறக்கும் என்று அவரே கூறுகின்றார். அங்காத்தலாவது வாயைத் திறத்தல். வாயைத் திறப்பது தாடை. தாடையைத் திறந்து மூடச் செய்பவை, காதுகளுக்குச் சற்று முன்னே இருபுறமும் அமைந்துள்ள இரண்டு சிறு மூட்டுகள். உண்ணும்போதும் உரையாடும்போதும் ஓதும்போதும் கொட்டாவி விடும்போதும் ஓயாது பணிபுரியும் இம்மூட்டுகளை, அவை நோகத் தொடங்கும் வரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நோகத் தொடங்கிய பின்னரும், நோவது இம்மூட்டே என்று பலர் அறிவதில்லை. காது வலிக்கின்றது என்று காது மருத்துவரிடமும், பல் வலிக்கின்றது என்று பல் மருத்துவரிடமும், தலை வலிக்கின்றது என்று மாத்திரைக் கடைக்கும் அலைகின்றனர். பழுதில்லாத கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பின்னும் வலி அப்படியே நிற்பதுண்டு. பிடுங்கிய பல் மீண்டும் முளைப்பதில்லை. எனவே, நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, அதைத் தணிக்கும் வழி இன்னது என்று படிமுறையாக ஆராய்ந்து செயற்படுமாறு மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி, இந்நோயில் மற்றெதனினும் மிகுதியாக வேண்டப்படுகின்றது. அந்நெறி பற்றியே இக்கட்டுரையில் சில கருத்துகளைக் கூற விழைகின்றோம்.

மூட்டின் அமைப்பு

முழங்கை கீலைப்போல் மடங்கி நிமிரும். தாடை மூட்டோ கீலைப்போல் சுழல்வதோடு நில்லாது, முன்னோக்கி வழுக்கியும் செல்லும். காதின் முன்புறத்தில் விரல்நுனியை வைத்துக்கொண்டு வாயை மெல்லத் திறந்து பார்ப்போமாயின், எலும்பு உருண்டை ஒன்று முதலில் அவ்விடத்திலேயே திரும்புவதையும், வாய் மேலும் அகலும்போது அது முன்னே நகர்ந்து விரலின்கீழ்ப் பள்ளம் விழுவதையும் உணரலாம். அவ்வுருண்டை, கீழ்த்தாடை எலும்பின் மேல்முனையாகும். அது பொருந்தி நிற்கும் குழி, பொட்டெலும்பின் அடிப்பகுதியில் உள்ளது. இரண்டுக்கும் இடையே, தேய்மானத்தைத் தடுக்கும் மெத்தைபோல, நார்த்திசுவாலான மெல்லிய வட்டு ஒன்று உண்டு. வட்டின் கீழறையில் சுழற்சி நிகழ்கின்றது. மேலறையில் வழுக்கல் நிகழ்கின்றது. மருத்துவர்கள் இம்மூட்டை டி.எம்.ஜே. என்று சுருக்கி வழங்குவர்.

இம்மூட்டுகளுக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. வலக்கையை அசைக்காமல் இடக்கையை அசைக்கலாம். ஆனால் வலத் தாடை மூட்டை விட்டுவிட்டு இடத் தாடை மூட்டை மட்டும் இயக்க இயலாது. இரண்டையும் இணைத்து நிற்பது ஒரே எலும்பு. ஒரு நுகத்தில் பூட்டிய இரு காளைகளுள் ஒன்று நொண்டினால் மற்றதன் நடையும் கெடுவது போல, ஒருபக்க மூட்டின் குறை மறுபக்கத்தையும் தாக்கும்.

கீழ்த்தாடை ஒரே எலும்பு என்னும் இச்செய்தி இன்று எளிதாகத் தோன்றலாம். ஆனால் அது நிலைபெற்ற வரலாறு நாம் அறிய வேண்டிய ஒன்று. பழைய கிரேக்க மருத்துவ ஆசான் காலென், கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று எழுதிவைத்தார். பல நூற்றாண்டுகளாக அச்சொல்லே சான்றாகக் கொள்ளப்பட்டது. பக்தாத் நகரில் 1162ஆம் ஆண்டு பிறந்த மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல் பக்தாதி, எகிப்தில் தங்கியிருந்த காலத்தில் 1200 முதல் 1202 வரை அந்நாட்டைக் கொடிய பஞ்சம் தாக்கியது. மாண்டவர்களின் எலும்புகள் குவிந்து கிடந்த இடத்திற்குச் சென்று, இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட மண்டையோடுகளை அவர் ஆராய்ந்தார். எந்தத் தாடையிலும் இணைப்பைக் காணாமையால், கீழ்த்தாடை ஒரே எலும்பே எனத் துணிந்து எழுதினார். காலெனின் பெருமையை மதித்தவரே எனினும், நூலில் படித்ததைக் காட்டிலும் கண்ணால் கண்டதே வலிய சான்று என்று கொண்டார். தாடை நோவை ஆராயும் நமக்கும் இப்பண்பே வழிகாட்டியாகும். வலி தோன்றும் இடத்தைக் கொண்டே முடிவுசெய்யாது, வலி பிறக்கும் இடத்தைப் பார்த்தறிய வேண்டும்.

வலி இடம் மாறித் தோன்றுவது ஏன்?

தாடை மூட்டு, மெல்லும் தசைகள், பற்கள், முகத்தின் தோல் ஆகிய அனைத்தின் உணர்ச்சியையும் மூளைக்கு எடுத்துச் செல்வது ஐந்தாம் மண்டை நரம்பாகிய முக்கிளை நரம்பு. அதன் கிளைகளுள் ஒன்று தாடை மூட்டுக்கும் காதின் முற்பகுதிக்கும் பொதுவாகச் செல்கின்றது. பல ஊர்க் கடிதங்கள் ஒரே அஞ்சல் பையில் வந்து சேர்ந்தால், எந்தக் கடிதம் எவ்வூரினது என்று மயங்குவது இயல்பன்றோ? அதுபோலவே மூட்டிலும் தசையிலும் எழும் வலியை மூளை காதுவலி என்றோ, பல்வலி என்றோ, பொட்டுவலி என்றோ கொள்கின்றது.

எனவே, பின்வரும் குறிகள் தென்படின் தாடை மூட்டின்மீது நம் ஐயம் செல்ல வேண்டும். மெல்லும்போதும் நெடுநேரம் பேசும்போதும் வலி மிகுதல். காலையில் விழிக்கும்போதே தாடை இறுகியிருத்தல். காதுக்கு முன்னும் கன்னத்திலும் அழுத்தினால் நோதல். வாய் திறக்கும்போது தாடை ஒருபக்கம் கோணுதல். வாய் முழுதும் திறவாமை. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே செலுத்த இயலுமாயின் வாய் திறப்புப் போதுமானது எனலாம். வளர்ந்தவர்க்கு அது ஏறத்தாழ 40 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருக்கும்.

மூட்டில் எழும் ‘டக்’ என்னும் ஒலி குறித்துப் பலர் அஞ்சுகின்றனர். வட்டு தன் இடத்திலிருந்து சற்று விலகி, வாய் திறக்கும்போது மீண்டும் பொருந்துவதால் அவ்வொலி எழுகின்றது. விரலைச் சொடுக்கினால் ஒலி எழுவது போன்றே, வலியின்றி எழும் இவ்வொலியும் மிகப் பலரிடம் காணப்படுகின்றது. வலியும் தடையும் இல்லாதபோது அதற்கு மருத்துவம் வேண்டியதில்லை. ஆனால், நெடுநாள் ஒலித்த மூட்டு திடீரென ஒலியடங்கி, வாயும் பாதியளவே திறக்குமாயின், விலகிய வட்டு வழியை அடைத்து நிற்கின்றது என்று பொருள். அப்போது காலந்தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும்.

காரணங்கள்

அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்துக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், 1934ஆம் ஆண்டில் 11 நோயாளரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். கடைவாய்ப் பற்களை இழந்தமையால் தாடை அளவுக்கு மேல் மூடி நரம்பை அழுத்துவதே காதுவலிக்குக் காரணம் என்று அவர் கருதினார். நோய்க்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. அவர் கூறிய காரணம் பின்னர் ஏற்கப்படவில்லை. எனினும் காதில் தோன்றும் வலிக்குத் தாடையும் காரணமாகலாம் என்று மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்த பெருமை அவருக்கு உரியது. 1969இல் டேனியல் லாஸ்கின் என்னும் அறிஞர், பெரும்பாலோர்க்கு வலி எழுவது மெல்லும் தசைகளின் சோர்விலிருந்தே என்றும், மனவிறுக்கத்தால் பற்களைக் கடிப்பதே அச்சோர்வுக்கு முதன்மைக் காரணம் என்றும் விளக்கினார்.

இன்று அறிஞர்கள் இதனை ஒரே காரணத்தால் வரும் ஒரே நோயாகக் கொள்வதில்லை. தசைநோவு, வட்டு விலகல், மூட்டுவாதம் என இது பலவகைப்படும். அடிபடுதல், மூட்டுவாத நோய்கள், உறக்கமின்மை, கவலை, உடலின் பிற பகுதிகளில் உள்ள நாட்பட்ட வலி ஆகியவை ஒன்றோடொன்று கூடி இதனை வளர்க்கின்றன. 20 முதல் 40 வயது வரை உள்ளோரிடமும், ஆண்களைவிடப் பெண்களிடமும் இது மிகுதி. வெளியே வீக்கமோ புண்ணோ தெரியாமையால், ‘ஒன்றுமில்லை, மனப்பிரமை’ என்று வீட்டார் ஒதுக்கிவிடுவதும் உண்டு. மனவிறுக்கம் வலியை வளர்க்கும் என்பதற்கு, வலி கற்பனை என்பது பொருளன்று. தசை உண்மையாகவே நோகின்றது. நோவைச் சொல்பவரை நம்புவதே மருத்துவத்தின் முதற்படி.

நாம் அறியாமலே செய்யும் சில பழக்கங்களும் தாடைக்குச் சுமையாகின்றன. தேர்வுக் காலத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தல், பேனாவின் முனையையும் நகத்தையும் கடித்தல், மோவாயைக் கையில் தாங்கி நெடுநேரம் அமர்தல், தொலைபேசியைத் தோளுக்கும் கன்னத்துக்கும் இடையே இடுக்கிக்கொள்ளல், ஒருபக்கமாகவே மெல்லுதல், ஓயாது சூயிங்கம் மெல்லுதல் ஆகியன அவை. உறக்கத்தில் பற்களை நறநறவென்று அரைப்பவரும் உளர். அதனை அவர் அறியார். உடன் உறங்குவோரே அறிவர்.

ஈண்டு ஓர் உண்மையை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். வாய் ஓய்ந்திருக்கும்போது மேற்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றையொன்று தொடலாகாது. இடையே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே இயற்கை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே அவை கூடுகின்றன. அந்நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு நாளில் அரைமணிக்கும் குறைவே. பகல் முழுதும் பல்லோடு பல்லை வைத்திருப்பவர், அரைமணி வேலைக்கு அமைந்த தசைகளை நாள் முழுதும் ஏவுகின்றார்.

தணிக்கும் வழிகள்

இந்நோவுள்ளோருள் பெரும்பாலோர் எளிய தன்காப்பு முறைகளாலேயே சில வாரங்களில் நலம் பெறுகின்றனர். அம்முறைகளை முறைப்படக் காண்போம்.

முதலாவது, தாடைக்கு ஓய்வு. இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, நோன்புக் கஞ்சி போன்ற மெல்லுதற்கு எளிய உணவுகளைச் சில நாள்கள் கொள்ளலாம். முறுக்கு, கரும்பு, வறுத்த கடலை, எலும்போடு கூடிய கெட்டி இறைச்சி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கொய்யா, ஆப்பிள் போன்ற கனிகளை முன்பற்களால் கடியாது, சிறு துண்டுகளாக நறுக்கி உண்ணலாம். கொட்டாவி வரும்போது மோவாயின் கீழ்க் கையை வைத்துத் தாங்கி, வாய் அளவுக்கு மேல் அகலாமல் காத்துக்கொள்ளல் நன்று. ஓய்வு என்பது தாடையை அசைக்காமலே கட்டிவைப்பதன்று. வலியில்லாத அளவுக்கு அதனை இயக்கி வருவதே ஓய்வு.

இரண்டாவது, நாவின் இருப்பு. னகர ஒற்றை ஒலிக்கும்போது நாவின் நுனி மேற்பற்களுக்குப் பின்னே அண்ணத்தைச் சென்று தொடுகின்றது. அவ்விடத்தில் நாவை மெல்லப் படியவிட்டு, இதழ்களை மூடி, பற்களை விலக்கி வைத்தால் மெல்லும் தசைகள் தாமே தளர்வதைக் காணலாம். படிக்கும் மேசையிலும் சமையலறையிலும் சிறு வண்ணத்தாள் ஒன்றை ஒட்டிவைத்து, அதனைக் காணும்போதெல்லாம் ‘பற்கள் விலகியுள்ளனவா?’ என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளலாம். பொருட்செலவு இல்லாத இப்பழக்கம் இடைவிடாது செய்யின் பெரும்பயன் தரும்.

மூன்றாவது, ஒற்றடம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தின்மீதும் பொட்டின்மீதும் 15 நிமிடம் வைத்தெடுத்தால் இறுகிய தசை இளகும். புதிதாக அடிபட்டு வீங்கியிருப்பின் முதலிரண்டு நாள் பனிக்கட்டியைத் துணியில் பொதிந்து 10 நிமிடம் ஒற்றலாம். ஒற்றடத்திற்குப் பின் விரல்நுனிகளால் கன்னத்தசையையும் பொட்டுத்தசையையும் வட்டமாக மெல்ல நீவுதல் வேண்டும்.

நான்காவது, பயிற்சி. முன் கூறியவாறு நாவின் நுனியை அண்ணத்தில் பதித்து, அது அவ்விடத்தை விட்டு அகலாத அளவுக்கு வாயைத் திறந்து மூட வேண்டும். கண்ணாடியின் முன் நின்று, தாடை கோணாமல் நேராக இறங்குகின்றதா என்று நோக்கியவாறு செய்தல் சிறப்பு. ஒரு முறைக்கு ஆறு தடவையாக நாளில் சில வேளை செய்யலாம். வலி மிகுமாயின் நிறுத்திவிட வேண்டும். இயன்முறை மருத்துவரிடம் நேரில் கற்றுச் செய்வது மேலும் பயன் தரும்.

ஐந்தாவது, உறக்கமும் மன அமைதியும். உறங்கும் நேரத்தை ஒழுங்காக்குதல், மாலைக்குப்பின் தேநீரையும் காப்பியையும் குறைத்தல், குப்புறப் படுப்பதைத் தவிர்த்தல், மூச்சை மெல்ல இழுத்து விடுதல் ஆகியவை பற்கடியைத் தளர்த்த உதவும். வலி தாங்கவியலாதபோது சில நாள்களுக்கு வலிநீக்கி மாத்திரை கொள்ளலாம். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய் உடையோரும், கருவுற்றோரும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

மருத்துவரை நாடும்போது

மூன்று நான்கு வாரங்களில் குறையாத வலியைப் பல் மருத்துவரிடம், இயலுமாயின் வாய் முகத்தாடை அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உண்மையாகவே பல்லிலோ காதிலோ பழுதிருப்பின் அதனைக் கண்டறிந்து நீக்கவும் இது உதவும். பழுது காணப்படவில்லையாயின், ‘இப்பல்லை எடுத்துத்தான் பார்ப்போமே’ என்று நாமே வற்புறுத்தலாகாது.

மீட்க முடியாத மருத்துவத்திற்கு விரையலாகாது என்பதற்கு வரலாறு ஒரு கசப்பான பாடத்தை வைத்துள்ளது. 1980களில் அமெரிக்காவில் பழுதுற்ற வட்டை எடுத்துவிட்டு, வைடெக் நிறுவனம் செய்த டெஃப்லான் கலந்த செயற்கைத் தகட்டைப் பலருக்குப் பொருத்தினர். மெல்லும் விசையைத் தாங்காமல் அத்தகடு துகள் துகளாகச் சிதைந்தது. அத்துகள்களால் சுற்றியிருந்த எலும்பும் அரிக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் எச்சரிக்கை விடுத்தது. தொடர்ந்து அத்தகடுகள் திரும்பப் பெறப்பட்டன. முதலில் இருந்த நோவினும் பன்மடங்கு துன்பத்தைச் சுமந்தவர் பலர். இன்று செயற்கை மூட்டுகள் மேம்பட்டுள்ளன. மூட்டு முற்றிலும் அழிந்தோர்க்கு அவை பயனும் தருகின்றன. எனினும் அறுவை மருத்துவம் மிகச் சிலர்க்கே வேண்டப்படுவது.

பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதனையே வலியுறுத்துகின்றது. நாட்பட்ட தாடை நோவுக்கு, மேற்பார்வையுடன் செய்யும் தாடைப் பயிற்சி, கையால் தசையை நீவும் முறை, வலியைச் சமாளிக்கக் கற்பிக்கும் உளவியல் முறை ஆகியவற்றையே அது முன்னிறுத்துகின்றது. கடிவமைப்பை நிலையாக மாற்றிவிடும் பற்கவசங்களையும் வட்டை அகற்றும் அறுவையையும் அது உறுதியாக விலக்குகின்றது. கழற்றி மாட்டும் பற்கவசத்தைக்கூட, வலி தீரும் என்று அனைவர்க்கும் வழக்கமாக அளிக்க அது பரிந்துரைக்கவில்லை. பற்கள் தேயாமல் காக்கும் பொருட்டு அக்கவசம் சிலர்க்குப் பயன்படலாம்.

புறக்கணிக்கலாகாத குறிகள்

தாடையில் தோன்றும் வலியெல்லாம் தாடை மூட்டு நோவன்று. உழைக்கும்போதோ நடக்கும்போதோ தாடையில் வலி எழுந்து, மார்பு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் கூடுமாயின், அது மாரடைப்பின் குறியாகலாம். நொடியும் தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தோர்க்கு மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்து, பொட்டில் புதிதாகத் தலைவலியும் பார்வைக் குறைவும் தோன்றின், அது தலைக்குச் செல்லும் தமனியின் அழற்சியாகலாம். உடனே மருத்துவம் செய்யாவிடின் பார்வை பறிபோகக்கூடும். மின்னல் வெட்டியது போல் நொடிப்பொழுது தாக்கி மறையும் வலி நரம்பு நோயைச் சுட்டும். காய்ச்சலோடு கூடிய தாடை வீக்கமும், காயத்திற்குப் பின் வாய் இறுகிப்போதலும் அவசர மருத்துவத்திற்கு உரியவை. கொட்டாவிக்குப் பின் திறந்த வாய் மூட இயலாது நின்றுவிடின், மூட்டு நழுவியது என்று அறிந்து மருத்துவரிடம் செல்ல வேண்டும்; வீட்டார் அதனைத் தள்ளிப் பொருத்த முயலலாகாது.

நம் பகுதியில் தனியே கூறவேண்டிய ஒன்றும் உண்டு. பாக்கு, பான்மசாலா முதலியவற்றை நெடுநாள் மெல்லுவோர்க்கு வாயின் உட்சவ்வு நாராகத் தடித்து, வாய் திறப்பு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிவரும். மூன்று விரல் நுழைந்த வாயில் பின் இரண்டும், அதன்பின் ஒன்றுமே நுழையும். காரமான உணவு உட்கொண்டால் வாய் எரியும். இது தாடை மூட்டின் குறையன்று. புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் உறுதி செய்துள்ளது. இக்குறி கண்டோர் அன்றே பாக்கைக் கைவிட்டு வாய் மருத்துவரைக் காணல் வேண்டும்.

முடிவுரை

தாடை மூட்டு நோவு உயிரைக் கொல்லும் நோயன்று. ஆனால் உணவின் சுவையையும் உறக்கத்தையும் பேச்சையும் ஒருங்கே பறிக்க வல்லது. பேசியே பணிபுரியும் ஆசிரியர்க்கும், ஓதியே கற்கும் மாணவர்க்கும் இஃது எளிய இழப்பன்று. நன்மை யாதெனின், இதன் மருத்துவத்தில் பெரும்பங்கு நம் கையிலேயே உள்ளது என்பதாம். தேர்வை எதிர்நோக்கும் மாணவர் பல்லிறுக்கத்தைத் தளர்த்தட்டும். ஆசிரியர் இரு வகுப்புகளுக்கு இடையே சற்று வாயடங்கி ஓய்வு கொள்ளட்டும். இல்லத்துப் பெரியோர், மகளோ மருமகளோ தாடை நோகின்றது என்று சொல்லும்போது அதனைப் பொருட்படுத்திக் கேட்கட்டும். இதழ் மூடியிருக்க, பல் விலகியிருக்க, நா அண்ணத்தில் படிந்திருக்க என்னும் இம்மூன்றையும் நாள்தோறும் கடைப்பிடிப்போமாயின், தாடை மூட்டின் சுமையைப் பெரிதும் குறைத்துவிடலாம்.